டேங்க் நிரம்பியிருக்கும்போது

அந்தக் காரில் இனி ஏறமாட்டேன் என்று என் கணவர் சொன்னபோது அவர் இன்னும் முழுதாக இறங்கிக்கூட முடிக்கவில்லை. ஒரு கால் வாசல் தரையில், ஒரு கால் காருக்குள். கையில் வாந்தி எடுத்த பிளாஸ்டிக் பை.

"இதோட சரி. இந்தப் பெட்ரோல் நாத்தத்துல இனிமே என்னால வர முடியாது."

"உள்ள வாங்க, பேசிக்கலாம்."

"பேச என்ன இருக்கு? உன் மகாராணிய முதல்ல சரி பண்ணு. நாத்தம் போகட்டும், வர்றேன். அதுவரைக்கும் என்னை விட்டுடு."

மகாராணி என்பது கார். நான் அவருக்கு வாழ்க்கைப்படுவதற்கு முன்பே அவரிடம் வந்து சேர்ந்தது. நன்றாக ஓடும்போது அவருடைய கார், மக்கர் செய்தால் என்னுடைய கார்.

அவர் சொன்னது சின்ன விஷயமில்லை. அவருக்கு ஒன்றுவிட்டு ஒரு நாள் டயாலிசிஸ். சிறுநீரகம் நின்றுபோன உடம்புக்குள் தண்ணீர் போகலாம், வெளியே வர வழி கிடையாது. குடித்தது, சாப்பாட்டில் இருந்தது, எல்லாம் உள்ளேயே தங்கும். முதலில் கணுக்கால் வீங்கும். பிறகு முகம். அதற்கும் பிறகு நுரையீரலில் இறங்கும், அப்போது படுத்தால் மூச்சு முட்டும். அந்தத் தண்ணீரை ஆஸ்பத்திரியில் இருக்கும் இயந்திரம் ரத்தத்திலிருந்து மெல்ல உறிஞ்சி எடுக்கிறது. ஒரு தடவை தவறினால் சமாளிக்கலாம். இரண்டாவது தடவையும் தவறினால் என்ன ஆகும் என்று நர்ஸ் ஒருமுறை சொல்ல ஆரம்பித்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

எங்களுக்குக் கிடைத்திருப்பது விடியற்காலை முறை. அந்த நேரத்துக்கு டாக்சிக்காரர்கள் வருகிறேன் என்பார்கள், வரமாட்டார்கள். பஸ் படி ஏற அவருக்குத் தெம்பில்லை. ஆக, மகாராணியை விட்டால் வேறு கதி இல்லை. திரும்பி வரும்போது அவர் பின் சீட்டில் சுருண்டு படுத்துவிடுவார். முறுக்கிப் பிழிந்து காயப்போட்ட துணி மாதிரி இருக்கும். வயிறு ஏற்கெனவே புரட்டிக்கொண்டிருக்கும். அதன்மேல் பெட்ரோல் நாற்றம்.

நாற்றத்தைத் தேடாமல் இல்லை. என் நாத்தனாரின் கணவர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். எனக்கு அவர் அண்ணன் முறை, என் கணவருக்கு மாப்பிள்ளை. முதல் தடவை பானட்டைத் திறந்து எஞ்சினுக்குப் பெட்ரோல் போகும் ரப்பர் குழாயை மாற்றினார். பழைய ரப்பர் உள்ளுக்குள் வெடித்திருக்கும், பெட்ரோல் சொட்டாமலே ஆவியாகக் கசியும் என்றார். நியாயமாகத்தான் இருந்தது. மறுநாள் நாற்றம் இல்லை. அதற்கடுத்த பயணத்தில் வந்துவிட்டது. இரண்டாவது தடவை ஃபில்டரையும் கிளிப்புகளையும் மாற்றினார். மறுநாள் இல்லை, பிறகு வந்தது. மூன்றாவது தடவை டேங்க் மூடி. அதிலும் அப்படியே. ஒவ்வொரு முறையும் ஒரு நாள் நிம்மதியைக் கொடுத்துவிட்டுத்தான் திரும்பி வந்தது.

"நான் ஓட்டிப் பாத்தா ஒண்ணுமே வரலியேம்மா," என்பார் அண்ணன். "மச்சான் மூக்கத்தான் கழட்டி சர்வீஸ் பண்ணணும் போல."

எனக்கும் வரவில்லை என்பதுதான் சிக்கல். மூக்கு ஒரு விசித்திரமான கருவி. தராசு மாதிரி இருப்பதை அளந்து சொல்லாது, மாறுவதை மட்டும்தான் சொல்லும். பக்கத்து வீட்டில் பெயிண்ட் அடித்தால் கதவைத் திறந்ததும் சுள்ளென்று ஏறும், கொஞ்ச நேரம் கழித்து ஒன்றுமே இருக்காது. பெயிண்ட் அங்கேயேதான் இருக்கும், மூக்குதான் சலித்துப்போய் சொல்வதை நிறுத்தியிருக்கும். தினமும் அந்தக் காரிலேயே வேலைக்கும் போய் வருகிற என் மூக்கு எப்போதோ ராஜினாமா செய்துவிட்டது. அவரோ ஒன்றுவிட்டு ஒரு நாள் மட்டும் ஏறுகிறார். அதுவும் அந்த வைத்தியத்தால் எல்லா வாசனையும் அவருக்குப் பத்து மடங்காக உறைக்கிறது. ஆகவே எங்கள் வீட்டில் வேலை செய்கிற மூக்கு ஒன்றே ஒன்று. அது காரில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டது.

அவர் சொன்னபடியே அடுத்த முறை போகவில்லை. விடியற்காலையில் நான் கிளம்பி நின்றேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கெஞ்சினேன், அதட்டினேன், அழவும் செய்தேன். அழுவதற்குக்கூட எனக்குத் தெம்பு குறைவாகத்தான் இருந்தது.

"வண்டி சரியாகட்டும்," என்றார் சுவரிடம்.

வேலைக்குப் போனேன். என் வேலை லிஃப்ட் கம்பெனியில் புகார்களுக்குப் பதில் சொல்வது. கட்டடம் கட்டடமாகப் போன் வரும். 'லிஃப்ட் ஆடுது', 'சத்தம் போடுது', 'கதவு மூட மாட்டேங்குது'. புதிதாகச் சேர்ந்தபோது அப்படியே எழுதி மெக்கானிக்கை அனுப்பிவிடுவேன். அவர் போய் நிற்கும்போது லிஃப்ட் சொன்ன பேச்சு கேட்கும். ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, எரிச்சலோடு திரும்பி வருவார். பிறகுதான் எனக்குப் புரிந்தது. எங்கே கோளாறு என்று கேட்பதைவிட எப்போது கோளாறு என்று கேட்க வேண்டும். அதைவிட முக்கியம், எப்போது இல்லை என்பது. ஆள் நிறைய ஏறினாலா, தனியாகப் போனாலா? மழை நாளிலா? மேலே போகும்போதா, கீழே வரும்போதா? கோளாறு வருகிற நேரமும் வராத நேரமும் தெரிந்துவிட்டால் பாதி மெக்கானிக் வேலை போனிலேயே முடிந்துவிடும்.

அன்று மதியம் யாரோ ஒருவர் தன் லிஃப்ட்டைத் திட்டிக்கொண்டிருந்தார். "எப்பெல்லாம் சார் நல்லா இருக்கு?" என்று வழக்கம்போலக் கேட்டேன். கேட்ட வாய் அப்படியே நின்றது. ஊரிலிருக்கிற லிஃப்டையெல்லாம் கேட்கிறேன், வீட்டில் இருப்பவரை ஒரு தடவையாவது கேட்டேனா?

சாயங்காலம் போனபோது அவர் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கணுக்காலை விரலால் அழுத்தினேன். குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் நிரம்பாமல் அப்படியே நின்றது. ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் கூப்பிட்டிருக்கிறாள், அவர் எடுக்கவில்லை.

"ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லுங்க. நாத்தம் எப்ப வராது?"

"ஆரம்பிச்சிட்டியா? நான் என்ன லிஃப்டா?"

"லிஃப்ட்டா இருந்தா இந்நேரம் ஆள் அனுப்பியிருப்பேன். சொல்லுங்க."

"ஒர்க்‌ஷாப் போயிட்டு வந்த மறுநாள் வராது."

"அது சரி பண்ணினதால."

"சரி பண்ணினா அப்புறம் ஏன் வருது?" என்றார். எரிச்சலில் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. "குழாய மாத்தினாலும் ஒரு நாள், மூடிய மாத்தினாலும் ஒரு நாள். எதை மாத்தினாலும் ஒரே ஒரு நாள்தான்."

அது எனக்குத் தோன்றவே இல்லை. மாற்றிய பொருள் வேறு வேறு, கிடைத்த நிம்மதி ஒரே அளவு. அப்படியானால் நிம்மதி அந்தப் பொருளால் வந்ததில்லை. ஒர்க்‌ஷாப்புக்குப் போகிற எல்லா நாளுக்கும் பொதுவாக வேறு ஏதோ ஒன்று இருக்க வேண்டும்.

"ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோறப்ப நாம வழக்கமா என்ன பண்ணுவோம்?" என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் வந்துவிட்டது. அவருக்கும் வந்துவிட்டது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"டேங்க்க காலி பண்ணுவோம்," என்றார்.

அது அவருடைய சட்டம். எந்த ஒர்க்‌ஷாப்பிலும் பெட்ரோலோடு வண்டியை விடக்கூடாது, குழாய் போட்டு உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். கல்யாணத்துக்கு முன் எங்கேயோ ஒருமுறை அப்படி நடந்ததாம். அன்றிலிருந்து முள் சிவப்புக் கோட்டைத் தொட்ட பிறகுதான் மகாராணி ஒர்க்‌ஷாப் வாசலை மிதிப்பாள். தங்கை புருஷன் ஒர்க்‌ஷாப் போட்ட பிறகும் சட்டம் தளரவில்லை. நானும் கேள்வி கேட்காமல் பழகிவிட்டேன்.

என்னுடைய சட்டம் அதற்கு நேர் எதிர். ஆஸ்பத்திரி வழியில் பெட்ரோல் தீர்ந்து நின்றுவிடக் கூடாது என்ற பயம். விடியற்காலையில் எங்கள் பக்கத்து பங்க் திறந்திருக்காது. ஆகவே முந்தின நாளே நிரப்பிவிடுவேன். பம்ப் 'டக்'கென்று தானாக நின்ற பிறகும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கழுத்துவரை ஊற்றச் சொல்வேன். பங்க்காரர் என்னைப் பார்த்தாலே, "அக்காவுக்குத் தளும்பணும்," என்பார். ஒர்க்‌ஷாப்பிலிருந்து வண்டி ராத்திரி பங்க் மூடிய பிறகே வரும், ஆகவே மறுநாள் மட்டும் இருக்கிற சொச்சத்தில் போய், திரும்பி வீட்டை நெருங்கும்போது, அவர் தூங்கிக்கொண்டிருக்க, நிரப்புவேன்.

ஆக, அவர் போகும்போது டேங்க் நிறைந்திருக்கும். அண்ணன் பார்க்கும்போது காலியாக இருக்கும். நோய் இருக்கும்போது ஒரு நாளும் வைத்தியரிடம் காட்டவே இல்லை.

"நாளைக்குக் காலைல ஃபுல் பண்ணிட்டு அண்ணன்கிட்ட போறோம்," என்றேன். "நீங்களும் வரணும்."

"நான் ஏறமாட்டேன்னு சொன்னேன்ல."

"ஆஸ்பத்திரிக்கு இல்லங்க. மூக்கு உங்ககிட்டதான இருக்கு? தனியா கழட்டிக் குடுங்க, நான் மட்டும் போறேன்."

சிரிக்கவில்லை. ஆனால் மறுநாள் காலை சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார். வீங்கிய காலில் செருப்பு நுழையாமல் பின்பக்கத்தை மடக்கி மிதித்திருந்தார். முன் சீட்டில் உட்கார்த்தி முகத்தில் ஈரத்துண்டைப் போட்டுக் கூட்டிப்போனேன்.

அண்ணன் கார் சாவியைத் திருப்பியதும் முள்ளைப் பார்த்தார். அது கடைசிவரை ஏறிப் போய் நின்றது.

"என்னம்மா இது, அதிசயமா இருக்கு! மகாராணி வயிறு நிறைய சாப்ட்டு வந்திருக்கா?"

"ஏண்ணா?"

"இல்ல... எப்பவும் பட்டினியாத்தான வருவா." குரலைத் தாழ்த்தினார். "வைத்தியச் செலவு இருக்குமேன்னு நானும் கேக்கல. நம்ம கேன்லருந்து கொஞ்சம் ஊத்தித்தான் ஒவ்வொரு தடவையும் ஓட்டிப் பாப்பேன்."

அவர் நினைத்துக்கொண்டிருப்பது எங்களுக்கு மரியாதையானதுதான், அப்படியே விட்டுவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் கணவர் துண்டை விலக்கினார்.

"அது செலவுக்காக இல்ல மாப்ள. வேணும்னேதான் காலி பண்ணிட்டுக் கொண்டு வருவோம்."

"வேணும்னேயா? எதுக்கு மச்சான்?"

"ஒர்க்‌ஷாப்ல பெட்ரோல் எடுத்துருவாங்கன்னு."

அண்ணன் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "யாரு எடுத்துருவாங்க?"

"உன்னைச் சொல்லல. பொதுவா சொன்னேன்."

"பொதுவான்னா? இங்க நான் ஒருத்தன்தான மச்சான் இருக்கேன்!"

அண்ணன் ஸ்பேனரைக் கீழே வைத்தார். பிறகு அண்ணனுக்குத் தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறார் என்று எனக்குத் தெரிய நேரம் பிடித்தது. "உங்க தங்கச்சிகிட்ட சொல்றேன் இருங்க. என் பெட்ரோல ஊத்தி நான் ஓட்டியிருக்கேன், நான் திருடனாம்!" சிரித்தாலும் அவர் கண் ஓரத்தில் ஏதோ சுருங்கித்தான் இருந்தது. என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். "தப்புதான் மாப்ள," என்றார், காதில் விழுந்தும் விழாமலும்.

பிறகு வேலையில் இறங்கினோம். ஒர்க்‌ஷாப் வாசலில் சரிவான மேடை உண்டு. அதில் காரை முகம் மேலே பார்க்க நிறுத்தினார் அண்ணன். எங்கள் வழியிலும் நீண்ட ஏற்றம் உண்டு, அங்கே டேங்கில் பெட்ரோல் பின்பக்கம் சாய்ந்து ஏறும் அல்லவா, அதே நிலை இங்கேயும் வேண்டும். கண்ணாடிகளை ஏற்றி, கதவுகளைச் சாத்திக் காத்திருந்தோம். பிறகு என் கணவரைக் கூப்பிட்டோம். மூக்கு சலித்துவிடக் கூடாது என்பதால் ஒவ்வொரு இடத்திலும் ஒரே ஒரு மூச்சு, உடனே தெரு ஓரத்துக்குப் போய்க் காற்று வாங்கிவிட்டு அடுத்த இடம். பானட், ஒன்றுமில்லை. டிக்கி, லேசாக. முன் சீட், லேசாக. பின் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டவர், விட்ட வேகத்தில் வெளியே எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"இங்கதான். நான் படுக்கிற இடத்துலயே."

அண்ணன் முதலில் பேட்டரி வயரைக் கழற்றினார். பெட்ரோல் ஆவி நிற்கிற இடத்தில் ஒரு பொறி போதும். பிறகு பின் சீட்டு மெத்தையைப் பிடித்து மேலே இழுத்தார். அடியில் ஒரு தகரத் தட்டு. அதன் ஸ்க்ரூக்களைக் கழற்றியதும் டேங்க்கின் உச்சி தெரிந்தது. பெட்ரோல் அளவைக் காட்டும் மிதவை அந்த வழியாகத்தான் டேங்குக்குள் இறங்குகிறது. அதைச் சுற்றி ஒரு வளையம். சுற்றிலும் சாம்பல் நிறத்தில் பல வருடத் தூசி. வளையத்தின் ஒரு பக்கம் மட்டும் தூசி கறுத்து, ஈரமாக, பிறை நிலா மாதிரி.

"இரு, உறுதி பண்ணிக்குவோம்," என்றார். துணியால் துடைத்து, முகப் பவுடரை மெல்லத் தூவினார். இருவருமாகக் காரைப் பிடித்து ஆட்டினோம். உள்ளே பெட்ரோல் சளப் சளப்பென்று அலைந்தது. வெள்ளைப் பவுடரில் அதே இடத்தில் அதே பிறை மறுபடி கறுத்து வந்தது. எனக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது. எத்தனை வாரமாக எங்களை ஆட்டிவைத்த ஒன்று கடைசியில் கண்ணால் பார்க்கக்கூடிய ஓர் ஈரக்கறை!

வளையத்துக்கு அடியில் ஒரு ரப்பர் வாஷர். அதை எடுத்துக் காட்டினார். மடக்கியதும் பிஸ்கட் மாதிரி விரிசல் விட்டது. டேங்க் பாதி இருந்தால் பெட்ரோல் அந்த உயரத்துக்கு வரவே வராது. கழுத்துவரை நிரப்பி, ஏற்றத்தில் ஏறினால் மட்டும் அலை போய் அந்த விரிசலை நக்கும். கசிவது சில சொட்டுதான், தரையில் விழாது. டேங்க் தலையிலேயே தேங்கி ஆவியாகும். வயர் போகத் தகரத் தட்டில் இருக்கும் ஓட்டை வழியாக ஆவி மெத்தைக்கு வரும். மெத்தையில் அவர் முகம் புதைத்துப் படுத்திருப்பார்.

"ஆஸ்பத்திரி போய் வரும்போது கண்ணாடிய எல்லாம் நல்லாத் திறந்துதான வச்சிருப்பேன்?" என்று கேட்டேன்.

"அதுதான் இன்னும் மோசம்மா. ஓடுற வண்டில முன் கண்ணாடி திறந்தா உள்ள இருக்கிற காத்து வெளிய இழுத்துக்கிட்டு போகும். போன காத்துக்குப் பதிலா எங்கேருந்தாவது வரணுமே? கீழ ஓட்டை இருந்தா அது வழியா இழுக்கும்."

நாற்றம் போகட்டும் என்று நான் திறந்த ஜன்னல்தான் அவருக்கு நாற்றத்தை இழுத்துக் கொடுத்திருக்கிறது.

டேங்க்கிலிருந்து பெட்ரோலைக் கேனில் கொஞ்சம் இறக்கினார் அண்ணன். "பாத்துக்கங்க மச்சான், எடுக்கறேன். அப்புறம் எண்ணி வாங்கிக்கணும்." என் கணவர் கையெடுத்துக் கும்பிட்டார். புது வாஷர் போட்டு, ஓட்டைக்கும் ரப்பர் மூடி வைத்து, எடுத்த பெட்ரோலைத் திரும்ப ஊற்றி, போதாததற்குத் தன் கேனிலிருந்தும் ஊற்றித் தளும்பத் தளும்ப நிரப்பிவிட்டார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை.

மறுநாள் விடியற்காலை அவரை எழுப்பினேன். எழுந்தார். படுக்க முடியாமல், தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துதான் தூங்கியிருந்தார். சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. பையை எடுத்துக்கொண்டு தானே போய்ப் பின் சீட்டில் உட்கார்ந்தார்.

கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். தெருவிளக்குகள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன. பிரதான சாலைக்கு வந்து, ஏற்றத்தில் கியரை மாற்றினேன். மகாராணி முனகிக்கொண்டே ஏறினாள். பின்னால் பெட்ரோல் சாய்வதை முதுகால் உணர்ந்தேன். மூச்சை இழுத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஆனால் என் மூக்கின் சாட்சியை யார் ஏற்பார்கள்?

"வருதா?" என்று கேட்டேன்.

பின்னால் பார்க்கும் கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. கண்ணை மூடியிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வருகிறது என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். என்னால் மறுக்க முடியாது, அண்ணனாலும் முடியாது. நாற்றம் போனால் வருகிறேன் என்றுதான் சொல்லியிருந்தார். அது போகவில்லை என்று சொன்னால் வீட்டுக்குத் திரும்பலாம், சுவரைப் பார்த்துப் படுக்கலாம், ஊசி இல்லை, இயந்திரம் இல்லை, முறுக்கிப் பிழிவது இல்லை. எனக்கே இந்த ஓட்டம் சலித்துப்போயிருந்தது. நான்கூடக் கேட்டுக்கொண்டு வண்டியைத் திருப்பிவிடுவேனோ என்னவோ.

ஏற்றம் முடிந்தது. வலப்பக்கம் ஆஸ்பத்திரிச் சாலை. வேகத்தைக் குறைத்தேன்.

"என்னங்க, வருதா இல்லையா?"

நீளமாக ஒரு மூச்சு இழுத்தார். விட்டார். மறுபடி இழுத்தார்.

"இல்ல," என்றார். "சுத்தமா வரல."

வலப்பக்கம் திருப்பினேன்.

"இனிமே பாவம் மகாராணி மேல பழி போட முடியாது," என்றார் கொஞ்ச நேரம் கழித்து. களைத்த குரல். பிறகு முன்னால் எட்டி என் தோளைத் தட்டினார். "கண்ணாடிய இறக்கு. காத்து வரட்டும்."